முதல் தொண்டன் பெயர்

கட்சியில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவர், அந்தக் கட்சி தனக்கு வைத்த பெயருக்கு அர்த்தம் கேட்டு மடத்துச் சாமியிடம் போனார் என்றால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அதனால் கலியபெருமாள் யாரிடமும் சொல்லாமல்தான் போனார்.

சாமிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் கலியபெருமாளுக்கு அவர்தான் குரு. பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாமியோடு போய், பாழடைந்த சிவன் கோயில்களில் புல் செதுக்கி வருகிறார். "கிளைச் செயலாளரு புல்லு புடுங்கப் போயிட்டாரு" என்று கட்சிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தால் மதியம்தான் நிமிர்வார்.

அந்த ஞாயிறு கீழவிளாகம் கோயிலில் வேலை. மற்றவர்கள் குளத்துப் பக்கம் இருந்தார்கள். சாமி மட்டும் பிராகாரத்தில் உட்கார்ந்து உழவாரத்தால் கல்லிடுக்குப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். கலியபெருமாள் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் பை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"சாமி, தொண்டன்னா என்ன அர்த்தம்?"

சாமி நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷம் கழிச்சா கேக்குறீங்க?"

"இத்தனை வருஷமும் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"உக்காருங்க. என்ன நடந்துச்சு?"

கலியபெருமாள் உட்கார்ந்தார். வியாழக்கிழமை தலைவரைக் கைது செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஆர்ப்பாட்டம். வெறும் கோஷம் போட்டால் எந்தப் பத்திரிகையும் திரும்பிப் பார்க்காது என்று மாவட்டச் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். ஒரு தொண்டன் மேலே மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே ஈரச் சாக்கோடு நாலு பேர் நிற்பார்கள், பாய்ந்து பிடித்துவிடுவார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆள் கலியபெருமாளின் கிளையிலிருந்து வர வேண்டும்.

"யாரு ஒத்துக்கிட்டது?"

"தாமோதரன். ஆட்டோ ஓட்டுறான். நான்தான் அவனைக் கட்சிக்குக் கூட்டியாந்தேன். நெஞ்சு முழுக்கத் தலைவர் படத்தைப் பச்சை குத்தியிருக்கான்."

"சரி."

"வெளிய வந்ததும் என் காதுல சொல்றான் சாமி, 'அண்ணே, சாக்குக்காரங்களுக்கு வேலை இருக்காது'ன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்றான். நெசமாவே சாகுறதுன்னு இருக்கான்."

"மாவட்டச் செயலாளர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். என் தோள்ல தட்டி, 'தொண்டன்னா அப்படித்தான் பெருமாளு, அந்த வெறி இல்லாம கட்சி ஏது'ன்னாரு. ஆள் பேரு, ஊரு எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னாரு. நானும் எழுதிக் குடுத்துட்டேன்."

சாமி உழவாரத்தைக் கீழே வைத்தார்.

இருபத்தெட்டு வருஷத்தில் கலியபெருமாள் சம்பாதித்தது என்று பார்த்தால் இந்த ஒரு பெயர்தான். கவுன்சிலர் சீட் கூடக் கிடைக்கவில்லை. எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசை நாற்காலியை வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர். 'உண்மைத் தொண்டன்' என்று மேடையிலிருந்து ஒரு தடவை சொன்னால் போதும், ஆறு மாசத்துக்கு அவருக்குச் சோறு வேண்டாம்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு?"

"இங்கேருந்துதான். இந்த மாதிரி இடத்துலேருந்து. பழைய சொல்லுங்க அது. கோயில்ல புல்லு செதுக்கினவங்க, பூக் கட்டினவங்க, குளத்துல சேறு வாரினவங்க. அவங்களுக்குத்தான் அந்தப் பேரு இருந்துச்சு."

"யாரு வச்சது?"

"அவங்களே வச்சுக்கிட்டாங்க. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம், நான் இவங்களுக்கும் கீழேன்னு சொல்லி அந்தப் பேருக்கு ஆசைப்பட்டாங்க."

"சாமிக்காக உயிரை விட்டவங்களும் இருந்தாங்கள்ல?"

"இருந்தாங்க. அவங்களை யாரும் பேரெழுதி அனுப்பல."

கலியபெருமாள் தலை குனிந்தார். பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார்.

"இதையும் பாருங்க சாமி. இன்னிக்குக் காலைல ஆர்ப்பாட்டத்துக்குப் பேனர் வாங்கலாம்னு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். அங்க இது காஞ்சுக்கிட்டிருந்துச்சு. மாவட்டத்துலேருந்து ஆர்டராம். கடைக்காரன் அந்தப் பக்கம் திரும்புனப்ப சுருட்டி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வாழ்க்கையில நான் திருடின முதல் பொருளு இதுதான்."

சாமி அதைப் பிராகாரத்துக் கல்லில் விரித்தார். காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் செங்கல் துண்டுகளை வைத்தார். மேலே கைகூப்பியபடி தலைவர், பாதி இடத்துக்கு. கீழே 'வீரவணக்கம்' என்று சிவப்பு எழுத்து. அதற்கும் கீழே 'தலைவருக்காகத் தன்னுயிர் ஈந்த உண்மைத் தொண்டர்' என்று போட்டு, அதன் அடியில் பெயருக்கு வெள்ளையாக இடம் விட்டிருந்தார்கள். படம் ஒட்டுவதற்கு ஒரு வட்டமும் காலியாக இருந்தது.

"பேரு நாளைக்கு மதியம் சொல்றோம்னு சொன்னாங்களாம்," என்றார் கலியபெருமாள். "ஈரச் சாக்கெல்லாம் பொய்யி சாமி. என்ன நடக்கும்னு அவங்களுக்குத் தெரியும்."

"நீங்க இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"அதான் தெரியல. நான் வேண்டாம்னு நின்னா அவன் நிப்பான். என் பேச்சைத் தட்ட மாட்டான். ஆனா நாளையிலேருந்து நான் துரோகி. கட்சி ஆபீஸ் படி ஏற முடியாது. தெருவுல போனா காறித் துப்புவானுங்க. தொண்டன் மாட்டேன்னு சொல்லலாமா சாமி? அந்தச் சொல்லுல அதுக்கு இடமிருக்கா?"

சாமி பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவரு மேடையில தன்னை என்னன்னு சொல்லிக்குவாரு?"

"தலைவரா? பேச்ச ஆரம்பிக்கிறப்பவே, 'உங்களில் ஒருவன், இந்த இயக்கத்தின் முதல் தொண்டன்'னுதான் சொல்லுவாரு. அதைக் கேட்டாலே எங்களுக்குப் புல்லரிக்கும்."

"நீங்க அதை நம்புறீங்களா?"

"சத்தியமா நம்புறேன்."

சாமி எழுந்து போனார். கருவிகளில் மடத்துப் பெயர் எழுதுவதற்கு வைத்திருந்த தடித்த மார்க்கர் பேனாவைக் கொண்டுவந்து மூடியைக் கழற்றினார். கலியபெருமாளின் கையில் கொடுத்தார்.

"இங்க இடம் காலியாத்தானே கிடக்கு. முதல் தொண்டன் பேரை எழுதுங்க."

கலியபெருமாளுக்கு முதலில் புரியவில்லை. பேனாவோடு குனிந்தார். வெள்ளை இடத்துக்கு மேலே இருந்த 'தன்னுயிர் ஈந்த' என்ற எழுத்தைப் பார்த்தார், அதற்கும் மேலே தலைவரின் முகத்தைப் பார்த்தார். கை உதறியது. பேனா கல்லில் விழுந்து உருண்டது.

"ஐயோ சாமி! என்ன வார்த்தை சொல்றீங்க! உயிரோட இருக்கிற மனுஷன். அவரு பேரைப் போயி இதுல எழுதுறதா? என் கை அழுகிப் போயிடும்!"

"எழுத முடியலையா?"

"கொன்னாலும் எழுத மாட்டேன்."

"தாமோதரன் பேரை எழுதினப்ப இந்தக் கை நடுங்குச்சா?"

கலியபெருமாள் தன் வலது கையை, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மீசையில் இறங்கியது, துடைக்கவில்லை. சாமி உழவாரத்தை எடுத்துக்கொண்டு விட்ட இடத்துக்குப் போய்க் குனிந்தார்.

வெகு நேரம் கழித்துக் கலியபெருமாள் போனை எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே! நாளைக்கு ரெடி!" தாமோதரனின் குரல் பிராகாரம் முழுக்கக் கேட்டது.

"உன் பேரை எடுத்துட்டேன்டா."

"என்னண்ணே சொல்றீங்க? அப்ப வேற யாரு?"

"யாரும் கிடையாது. நம்ம கிளையிலேருந்து ஒருத்தனும் போகலை. விடியக்காலமே வந்து உன் வீட்டு வாசல்ல படுத்துக்குவேன். போறதுன்னா என்னை மிதிச்சுக்கிட்டுப் போ."

அந்தப் பக்கம் தாமோதரன் கத்த ஆரம்பித்தான். விலை போய்விட்டீர்களா என்று கேட்டான். தலைவர் உப்பைத் தின்றுவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டான். அழுதான். கடைசியில், இத்தனை வருஷத்தில் அவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"நீயெல்லாம் ஒரு தொண்டனாய்யா?"

கலியபெருமாள் போனை வைக்கவில்லை. அவன் மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் திட்டுவதையெல்லாம், ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.