காத்தாயி கையில கட்டுன செவப்பு நூல்

ராஜாவுக்குத் தும்மல் வந்தாலும், ராஜா வீட்டு யானைக்குத் தும்மல் வந்தாலும் மிளகுதான் மருந்துன்னு இருந்த காலம். ஆத்தோரமா ஒரு பட்டணம். அங்க ஒரு மிளகு வியாபாரி, பேரு செவ்வந்தியப்பர். மனுசன் கெளம்புனா முன்னால தொந்தி போகும், பின்னால அவரு போவாரு, அவருக்கும் பின்னால "ஆமாங்க, சரிங்க"ன்னு ரெண்டு ஆளு போவாங்க. சிரிங்க, சிரிங்க. இப்பவே சிரிச்சுக்குங்க. அப்புறம் சிரிக்க முடியாது.

பட்டணத்து எல்லையில ஒரு தரும வீடு. நாதியத்தவங்க, நோயில விழுந்தவங்க எல்லாம் அங்கதான். கொல்லையில கோழிங்க வளத்தாங்க. அந்த முட்டைதான் படுக்கையில கெடக்குறவங்களுக்கு உசுரத் தாங்குற சாப்பாடு. கோழிங்களப் பாத்துக்கிட்டவ காத்தாயி. அவளும் அண்டி வந்தவதான். நெஞ்சுச்சளிக்காரி. நாலு வார்த்தைக்கு ஒரு இருமல்.

வருசத்துல ஒரு நாள் அங்க தொண்டு நாள். வசதியானவங்க வருவாங்க. அங்க இருக்குறவங்க மணிக்கட்டுல ஒரு செவப்பு நூல் கட்டி, "இன்னைக்கு உன் வேலை என் வேலை"ன்னு சொல்லுவாங்க. பொழுது சாஞ்சு வேலை முடிஞ்சா, கட்டுனவங்களே அவுக்கணும். அதுவரைக்கும் அந்த வேலையில வேற எந்தக் கையும் படக்கூடாது. பட்டாலும், நூல் அறுந்தாலும், கட்டுனவங்க வீட்டுல ஒரு உசுரு போயிரும்னு ஊரே நம்புச்சு.

அந்த ஐப்பசியில செவ்வந்தியப்பர் வந்தாரு. காத்தாயி கையில நூலைக் கட்டுனாரு.

"தாயி, என் மக நெறமாசம். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அவ நல்லபடியா பெத்துப் பொழைக்கணும். அந்தப் புண்ணியத்துக்குத்தான் வந்திருக்கேன்."

"நல்லா பெத்துப்பாங்க, ஐயா. சாயங்காலம் கோழிங்க அடைஞ்சதும் அந்தக் கல்லை மட்டும் கூட்டு வாசல்ல தள்ளி அடச்சிருங்க. காட்டுப்பூனை நடமாட்டம் இருக்கு."

"கல்லா? மலையையே தள்ளுவேன், போ!"

மலை தள்ளுனவரு கூட்டுக்குள்ள கால வெச்சாரு. ஒரு பெட்டைக்கோழி கட்டைவெரல்ல ஒரு கொத்து. "ஐயய்யோ! யாருடா அங்க! புடிங்கடா!" வேட்டியத் தூக்கிக்கிட்டு அவரு குதிச்ச குதிய இப்ப ஆடிக் காட்டவா? வேணாம், எனக்கே மூச்சு வாங்குது. காத்தாயி சிரிச்சா, இருமுனா, மறுபடி சிரிச்சா.

ஆனா வேலை செஞ்சாரு, இல்லேங்கல. எச்சத்தக் கூட்டுனாரு. தண்ணி வெச்சாரு. தீனி போட்டாரு. மூணுக்கும் சுத்தி நின்னவங்க "ஆகா!"ன்னாங்க. மத்தியானம் விருந்து, மால, பாராட்டு. சாயங்காலம் மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. "ஆகா" சொல்ல ஆள் இல்ல. செவ்வந்தியப்பர் வண்டியேறிட்டாரு.

வீட்டுக்குப் போற வழியில யார் வீட்டுக் கோழியோ கூட்டுக்குள்ள ஓடுச்சு. அவருக்குச் சுருக்குன்னுச்சு. 'அடடா, கல்லு! சரி, அவளே தள்ளிப்பா.'

சாப்பாட்டுல முட்டைக் கொழம்பு. மறுபடி சுருக்குன்னுச்சு. 'அடடா, நூலு! சரி, அவளே அறுத்துப்பா. ஒரு நூலு அறுந்தா என்ன ஆயிரப் போகுது?'

படுக்கப் போனா வெரல் நுனியில நூலோட செவப்புச் சாயம். மூணாவது தடவ சுருக்குன்னுச்சு. வெளிய கொட்டுது மழை. 'ஒரு கோழிக்கூட்டுக்காக இந்த மழையில எவன் போவான்?' வெரல வேட்டியில தொடச்சுக்கிட்டாரு.

விடியக்காலம் மகளுக்குப் பேறாச்சு. ஆம்பளப் புள்ள. தாயும் நலம், புள்ளையும் நலம். செவ்வந்தியப்பருக்குத் தல கால் புரியல. ஒரு தூக்கு நெறைய தேன எடுத்துக்கிட்டுத் தரும வீட்டுக்கு ஓடுனாரு.

"காத்தாயி! ஏ காத்தாயி! பேரன் பொறந்திருக்கான்டி!"

கொல்லையில கோழிங்க கூட்டுக்குள்ளயே கொக்கொக்குன்னு கத்திக்கிட்டு இருந்துச்சுங்க. ஒண்ணுகூட வெளிய வரல. வர வழியில்ல. கூட்டு வாசல்ல, கல்லு இருக்க வேண்டிய எடத்துல, காத்தாயி உக்காந்திருந்தா. ஒடம்பாலயே வாசல அடச்சு, முதுக மழைக்குக் குடுத்து, முழங்காலக் கட்டிக்கிட்டு. முதுகெல்லாம் காட்டுப்பூனையோட நகக் கீறல். ரத்தத்த மழையே கழுவி விட்டிருந்துச்சு.

தொட்டாரு. கல்லு மாதிரி சில்லுன்னு இருந்துச்சு.

தரும வீட்டுக் காவக்காரரு மாரியான் பின்னால வந்து நின்னாரு.

"எத்தன தடவ சொன்னேன் தெரியுமா, ஐயா? 'அறுத்துட்டுக் கல்லத் தள்ளு புள்ள, இல்ல நான் தள்றேன்'னு. கேக்கல. 'அண்ணே, அவரு மக பிள்ளைத்தாச்சி. நம்ம கை பட்டா அதுக்கு ஆகாது. கோழி போச்சுன்னா உள்ள படுத்துக் கெடக்குறவங்களுக்கும் ஆகாது. அவரு வந்துருவாருண்ணே, வர்ற வரைக்கும் நான் உக்காந்திருக்கேன்'னா."

செவ்வந்தியப்பரு அந்த மணிக்கட்டப் புடிச்சாரு. நூல் அறுபடாம அப்படியே இருந்துச்சு. அவுக்கப் பாத்தாரு. மழையில ஊறுன முடிச்சு, இறுகிப் போச்சு. நகத்தால நெமிண்டுனாரு, பல்லால இழுத்தாரு. வரல. கடைசியில அந்த நூலோடதான் அவளத் தூக்கிட்டுப் போனாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் கோழிங்க அடஞ்சதும் அவரு தனியா வந்து கல்லத் தள்ளுனாரு. மறுநாளும் வந்தாரு. சாகுற வரைக்கும் வந்தாரு. "ஆகா"ன்னு யாரும் சொல்லல.

கேட்டுக்குங்க மக்களே: அடுத்தவங்க சொமைய நான் சொமக்கறேன்னு வாங்குனா, பாராட்டு முடிஞ்சதும் எறக்கிடாம வேலை முடியுற வரைக்கும் சொமக்கணும்.