நுனிக்கால்

“எனக்கு எப்ப மிஸ் தருவீங்க?” என்று கேட்டாள் மஞ்சரி.

எலோதி மிஸ் ஹாலின் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். “எதை?”

“பாயின்ட் ஷூவை.”

“கேக்குறது நீயா, உன் காலா?”

“நான்தான்.”

“கால் கேக்கட்டும்” என்றார் எலோதி. அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டார்.

புதுச்சேரியில், கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில், மரத்தரை போட்ட மாடி ஹாலில் நடந்தது அந்த பாலே வகுப்பு. எலோதி இந்த ஊர்க்காரர்தான். பிரான்சில் வளர்ந்து, அங்கே மேடைகளில் ஆடிவிட்டு, முப்பது வயதில் ஊர் திரும்பியிருந்தார். தமிழை அளந்துதான் பேசுவார்.

மஞ்சரி வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. உண்மையில் தங்கையைக் கொண்டுவந்து விட வந்தவள். தங்கை கால் வலிக்கிறது என்று ஒரே மாதத்தில் நின்றுவிட்டாள். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவால் விட முடியவில்லை. அவளே சேர்ந்துகொண்டாள்.

எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே அவள் மட்டும் நெட்டையாக, வளைய மறுக்கிற முதுகோடு நின்றாள். வாண்டுகள் சிரித்தன. காது சுட்டது. ஆனாலும் வருவதை விடவில்லை.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்ததும் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அங்கே பாலேயும் இல்லை, எலோதி மிஸ்ஸும் இல்லை.

அதற்குள் நுனிக்காலில் ஏறிவிட வேண்டும். அந்தப் பட்டு ஷூவின் முனை கட்டைபோல் இறுகியிருக்கும். அதை மாட்டிக்கொண்டு விரல் நுனியில் நின்றால், பார்ப்பவர்களுக்கு ஆள் தரையை விட்டுக் கிளம்பிவிட்ட மாதிரி இருக்கும். மஞ்சரிக்கு அது வேண்டும்.

பள்ளியில் பெஞ்சுக்கு அடியில் அவள் பாதங்கள் நீண்டு மடங்கிக்கொண்டே இருந்தன. பஸ் ஸ்டாப்பில் குதிகால் தானாக எழும்பியது. தோசை வார்க்கும்போதும் அப்படித்தான்.

“ஒரு இடத்துல இருக்க மாட்டியா?” என்பாள் அம்மா. “ஆடணும்னா பரதம் கத்துக்கோயேன். இந்த வயசுல எதுக்குடி குதிகாலத் தூக்கிட்டு அலையற?”

அந்த ‘இந்த வயசுல’ என்பதுதான் உள்ளே போய்க் குத்தியது.

ஒருநாள் எலோதியிடம் கேட்டாள். “எனக்கு லேட்டாயிடுச்சா மிஸ்?”

“யாரை விட?”

மஞ்சரி லெயாவைப் பார்த்தாள். லெயாவுக்குப் பன்னிரண்டு வயது. பால்பல் விழுவதற்கு முன்பே ஆட ஆரம்பித்தவள்.

“அவ காலை வாங்கி நீ என்ன பண்ணப் போற?” என்றார் எலோதி.

மஞ்சரி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் லெயாவுக்கு ஷூ கிடைத்தது. எலோதியே ரிப்பன் கட்டிவிட்டார். லெயா சுவரோரமாகப் பதித்திருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் ஏறினாள். எல்லோரும் கைதட்டினார்கள். மஞ்சரியும் தட்டினாள். சத்தம் வரவில்லை.

அன்றைக்கே வீட்டுக்குப் போய் போனில் ஒரு ஜோடி ஆர்டர் செய்தாள். அளவு குத்துமதிப்புதான்.

அம்மா ஆபீஸுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பார்சல் வந்தது. சமையலறையில் உட்கார்ந்து மாட்டினாள். ஃப்ரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

ஃப்ரிட்ஜின் தலையில் படிந்திருந்த தூசி முதல்முறையாக அவள் கண்ணில் பட்டது.

“ஏறிட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்னாள். சந்தோஷத்தில் கையை எடுத்தாள்.

கணுக்கால் மடிந்தது. பெருவிரல் நகம் பாதி பெயர்ந்து, ஷூவுக்குள் ரத்தம் ஈரமாகப் பரவியது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாள்.

வீக்கம் வடிந்த பிறகு வகுப்புக்குப் போனாள். ஷூவைப் பையோடு எலோதியிடம் நீட்டினாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றாள்.

எலோதி ஒன்றை எடுத்து உள்ளே பார்த்தார். கறையைப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை.

“ஏறினியா?”

“ஏறினேன் மிஸ்.”

“எப்படி இறங்கின?”

மஞ்சரி விழித்தாள். “விழுந்துட்டேன்.”

“விழுந்தத கேக்கல. இறங்கினத கேட்டேன்.”

“ஏறுறதுக்குத்தானே மிஸ் இந்த ஷூவே?”

“காலைக் காட்டு.” எலோதி கீழே உட்கார்ந்து, கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு அழுத்தினார். பிறகு, “நல்லா ஆறட்டும். அப்புறம் வெறுங்காலோட வா” என்றார்.

ஆறியதும் வந்தாள்.

“கம்பியைப் பிடி. குதிகால தூக்கு” என்று சொல்லிவிட்டு எலோதி முதுகைத் திருப்பிக்கொண்டார். “இப்ப இறங்கு.”

மஞ்சரி இறங்கினாள். மரத்தரையில் ‘டப்’ என்றது.

“விழுந்துட்ட” என்றார் எலோதி, திரும்பாமலே.

மறுபடி ஏறினாள். இறங்கினாள்.

“விழுந்துட்ட.”

மறுபடியும்.

“விழுந்துட்ட.”

“எதுவரைக்கும் மிஸ் இதையே செய்யணும்?”

எலோதி சின்னப் பிள்ளைகளிடம் போய்விட்டிருந்தார்.

அடுத்து வந்த மாதங்கள் எல்லாம் இதுதான். ஸ்பீக்கரில் பியானோ ஒலிக்கும். ஹாலின் நடுவே மற்றவர்கள் சுழலுவார்கள், தாவுவார்கள். மஞ்சரி ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். எங்கிருந்தோ ‘விழுந்துட்ட’ என்ற குரல் வரும். அவ்வளவு இரைச்சலில் இந்த மனுஷிக்கு எப்படிக் காது கேட்கிறது என்று பல்லைக் கடிப்பாள்.

ஒருநாள் கம்பியை ஓங்கிக் குத்தினாள். “இது தண்டனைன்னா தண்டனைன்னு சொல்லிடுங்க மிஸ்!”

“யாருக்கு?” என்றார் எலோதி. “கேட்டுக் கேட்டு என் காதுதான் வலிக்குது.”

அதோடு ஒரு வாரம் அவள் வகுப்புப் பக்கமே போகவில்லை. புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள். கடற்கரைக்குப் போனாள், உட்காராமல் திரும்பினாள். வீட்டுக்குள் அறை அறையாக நடந்தாள். எங்கே போனாலும் தன் குதிகால் தரையில் மோதுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. டப், டப், டப். இத்தனை வருஷமும் இப்படியேவா நடந்துகொண்டிருந்தேன்?

திங்கட்கிழமை போனாள். எலோதி ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. மஞ்சரி கம்பியைப் பிடித்தாள். குதிகாலைத் தூக்கினாள். இறங்க ஆரம்பித்தாள்.

குதிகால் தரையைத் தொட்டது. குரல் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். எலோதி ஹாலின் அந்தக் கோடியில் அவளுக்கு முதுகு காட்டியபடி நின்றிருந்தார்.

“இறங்கிட்டேன் மிஸ்” என்றாள்.

“அப்படியா? எனக்குத் தெரியலையே.”

பரீட்சை வந்தது, போனது. கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. அடுத்த வாரம் கிளம்ப வேண்டும்.

அன்று மாலை எலோதி ஒரு ஜோடி ஷூவை அவள் முன்னால் வைத்தார். போன மாதம் ஒருநாள் எலோதி அவள் பாதத்தைக் கையில் வைத்து விரல் விரலாக அழுத்திப் பார்த்தது எதற்கென்று அப்போதுதான் மஞ்சரிக்குப் புரிந்தது.

“போடு.”

“இன்னும் ஒரு வாரம்தான் மிஸ் இருக்கேன். இப்பப் போட்டு என்ன ஆகப்போகுது?”

“ஒரு வாரம் இருக்குல்ல?”

போட்டாள். எலோதி ரிப்பன் கட்டினார். கணுக்காலைச் சுற்றி இறுக்கமாக, வலிக்காமல்.

பிள்ளைகள் எல்லாம் சுற்றி வந்து நின்றார்கள். லெயா போய் ஸ்பீக்கரில் பியானோ இசையைப் போட்டுவிட்டு வந்தாள். மஞ்சரி கம்பியைப் பிடித்தாள். இசை ஒரு அடி போனது. இன்னொரு அடியும் போனது.

“ஏறுக்கா!” என்று கத்தினாள் லெயா.

மஞ்சரி அசையவில்லை. புது ஷூவுக்குள் அவள் விரல்கள் நீண்டு கிடந்தன. குதிகால் இரண்டும் தரையில் இருந்தன. முழுப் பாரத்தோடு இருந்தன.

எலோதி அருகே வந்தார். “என்ன யோசனை? ஏறு.”

“இருங்க மிஸ்” என்றாள் மஞ்சரி. “இப்பத்தான் நிக்கிறேன்.”