பத்தாயிரத்து ஒன்றாவது ஆள்

ஏழு மலை, ஏழு கடல் எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு மலைக்கு அப்பால், முன்னொரு காலத்தில், செங்கோடன் என்றொரு ராஜா இருந்தான். அவனிடம் பத்தாயிரம் வீரர்கள். நூறு வரிசை, வரிசைக்கு நூறு பேர். வெள்ளிக்கிழமைதோறும் கோட்டை மேலிருந்து அந்தச் சதுரத்தைப் பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். முதல் வரிசையில் அவன் ஒரே மகன் ஆதவன் நிற்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை சங்கிலி என்ற வாலிபன் படையில் சேர வந்தான்.

"சதுரம் கெட்டுவிடும். நீ மிச்சம்! வெளியே போ!" என்றான் ராஜா.

கூட்டத்தில் நின்ற மந்திரவாதி ஒருவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிரம்பை ஓங்கினான். பத்தாயிரம் பேரும் கல்லாகிப் போனார்கள்.

"நீ தள்ளியவனையும் சேர்த்துக்கொள். எல்லா வரிசையிலும் சம ஆள் வைத்து, மிச்சமில்லாமல் நிறுத்து. உயிர் வரும். ஒரே நீள வரிசை ஆகாது, ஆளுக்கொரு வரிசையும் ஆகாது!" என்று சொல்லி மறைந்தான்.

ராஜா பத்தாயிரத்து ஒரு புளியங்கொட்டையைக் கொட்டி அடுக்கினான். இரண்டு வரிசை: மிச்சம் விழுந்தது. மூன்று வரிசை: மிச்சம் விழுந்தது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று: மிச்சம், மிச்சம், மிச்சம்! எழுபத்திரண்டு வரை பார்த்துவிட்டு, "இது யாருக்கும் மசியாத எண்" என்று மூட்டை கட்டிப் போட்டான். பண்டிதர்களும் ஆமாம் சாமி போட்டார்கள்.

அந்த வருஷம் பிறந்த மகள் யாழினி, அண்ணனைக் கல்லாகவே பார்த்து வளர்ந்தாள். இருபது வயதில் ஒருநாள் கேட்டாள்.

"எதுவரைக்கும் பாத்தீங்கப்பா?"

"எழுபத்திரண்டு வரைக்கும்மா."

"நூறு வரைக்கும் பாக்கணுமே! அதுக்கு மேல போனாத்தான் வேண்டாம். வரிசை நூறைத் தாண்டினா ஆள் நூறுக்குக் கீழே வந்துடும். பாத்த கணக்கேதான் தலைகீழா வரும்."

மூட்டையை அவிழ்த்து எழுபத்துமூன்று வரிசை அடுக்கினாள். வரிசைக்கு நூற்றுமுப்பத்தேழு. மிச்சம் விழவில்லை.

ராஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இன்னும் ஒரே ஒரு வரிசை அடுக்கிப் பார்த்திருந்தால்!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

யானை கட்டி இழுத்துக் கற்களை நிறுத்தினார்கள். கடைசியில் ஓர் இடம் காலி. ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தே போனான். ஆற்றோரம் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தான் சங்கிலி. அவன் தலையும் நரைத்திருந்தது.

"என்னை மன்னிச்சிடு. வந்து நில்லப்பா."

"அன்னிக்கு எங்காத்தா கோட்டை வாசல்ல காத்துக் கெடந்துச்சுங்க ராசா, மகன் வரிசையில நிக்கிறதப் பாக்கணும்னு. இப்ப அது இல்ல." கோலை எடுத்து வாத்துகளைத் திரட்டினான். "அந்தப் பத்தாயிரம் பேருக்கும் ஆத்தா இருக்குமே. வாங்க, போவோம்."

காலி இடத்தில் சங்கிலி நின்றான். கல் சிலிர்த்தது. சாபம் உடைந்தது. அன்றே சங்கிலி படைத்தலைவன் ஆனான். அவன் வாத்துகளுக்குக் கோட்டை அகழியே கிடைத்தது. இதோடு நிறுத்தினால் நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஆதவன் அதே இளமையோடு வரிசையை விட்டு ஓடிவந்தான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தள்ளாடி வந்த கிழவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டான்:

"பெரியவரே, எங்க அப்பாவைப் பாத்தீங்களா?"