வேண்டாம் வாசல்

முன்னொரு காலத்தில், ‘வேண்டாம்’ என்ற சொல் காதில் விழுந்தாலே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் ராஜா ஒருவர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். மற்றபடி நல்லவர். குடிகளை அடித்ததில்லை, உதைத்ததில்லை. தாம் எதைச் சொன்னாலும் குடிகள் சிரித்த முகத்தோடு ‘ஆகட்டும்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

ஓர் ஆடி மாதம், ஓடம் விட்டு விளையாட அவருக்கு ஒரு தாமரைக் குளம் தேவைப்பட்டது. வீட்டுக்கு ஓர் ஆள் பத்து நாள் வந்து மண் வெட்டினால் குளம் தயார். ஆனால் அதுவோ விதைப்புக் காலம். பத்து நாள் தவறினால் அந்த ஆண்டு வயல் தரிசுதான். ராஜாவுக்கும் இது தெரியும். ஆகவே சபையைக் கூட்டினார்.

“கட்டாய வேலை என்று ஒருவரும் பேசலாகாது. மனமுவந்து வந்தார்கள் என்றே ஊர் சொல்ல வேண்டும். அதே சமயம் ஒருவர்கூட மறுக்கலாகாது. இதற்கு வழி உண்டா?”

திருப்பணி மந்திரி சேதிராயர் எழுந்தார். அரண்மனைக் கட்டடங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. விகடகவி உலகுடையான் பேரில் அவருக்கு நெடுநாள் புகைச்சல். ஆறு மாதம் யோசித்துத் தாம் எழுப்பிய கோபுரத்தை ராஜா அண்ணாந்து பார்க்கும் நேரத்தில், உலகுடையான் பக்கத்தில் நின்று ஒரு தும்மல் தும்மினால் போதும். ராஜா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துவிடுவார்.

“வழி உண்டு, மகாராஜா. சம்மத மண்டபம் என்று ஒன்று கட்டுவோம். அதற்கு இரண்டு வாசல். சம்மதம் சொல்லும் வாசல் யானை நுழையும் அகலம். தோரணம், மேளம், நீர்மோர் எல்லாம் அங்கே. மறுப்புச் சொல்லும் வாசல் கொல்லைப்புறம், விறகுக் குவியலுக்கு அப்பால், இரண்டு முழ உயரம். உள்ளே ஏழு கட்டு, கட்டுக்கு ஒரு கேள்வி. ஏழையும் தாண்டிப் பெயரைப் பதிந்தவரே மறுத்தவர். பாதியில் திரும்பியவர், வராதவர், வீட்டில் சும்மா இருந்தவர் அனைவரும் சம்மதித்தவர். மறுக்க உரிமை இல்லை என்று எவரும் குறை சொல்ல முடியாது.”

“பேஷ்!” என்று ராஜா தொடையில் தட்டினார்.

“கட்டும் பொறுப்பை உலகுடையானிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். அவர் கை பட்டது என்றால் குடிகள் சந்தேகப்படமாட்டார்கள்.”

உலகுடையானுக்கு விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. கட்டினால் குடிகளின் வசவு. கட்டாவிட்டால் ராஜாவின் கோபம். “மகாராஜா, இதைக் கட்ட அடியேன் மனம் ஒப்பவில்லை” என்று ஆரம்பித்தார். ராஜாவின் கை தலைக்குப் போய்விட்டது.

“எட்டு நாள் தருகிறோம். முடிக்காவிட்டால் ஒன்பதாம் நாள் நீர் நாட்டின் எல்லைக்கு அப்பால் போய்விடும்.”

வீட்டில் அவர் மனைவி கோமளவல்லி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, மொகம் இப்படி இருக்கு? ராஜா சிரிக்கலியா?”

“அவரு சிரிச்சாரு. நான்தான் சிரிக்கல” என்று உலகுடையான் நடந்ததைச் சொன்னார்.

முறம் அப்படியே நின்றது. “எங்கண்ணன் ஒத்த ஏரை வச்சுக்கிட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். நீங்க கட்டுன ஓட்டையில அவன் தவழ்ந்து போயி, ‘வேண்டாம்’னு கெஞ்சணுமா?”

“கட்டலேன்னா ஊரை விட்டே போகணும், கோமளம்.”

“போவோம். அம்மியத் தூக்க ஆள் பாருங்க.”

“இரு, இரு. ரசம் வைக்கிறே. உப்பு சரியான்னு எப்படிப் பாப்பே?”

“உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டு நக்கிப் பாப்பேன். இது ஒரு கேள்வியா?”

“அதேதான். அவங்க சொன்னபடியே, ஒரு விரக்கடை கொறயாமக் கட்டப்போறேன். ஆனா ஊருக்குப் பரிமாறதுக்கு முன்னாடி, வச்சவங்களே ஒரு சொட்டு நக்கிப் பாக்கட்டும்.”

நிற்க. எட்டு நாளில் மண்டபம் எழுந்தது. சேதிராயர் முழக்கோலோடு வந்து மூலை மூலையாக அளந்தார். குறை என்று சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அதுவே அவருக்குக் குறையாக இருந்தது.

உலகுடையான் ராஜாவின் முன் பணிந்து நின்றார். “மகாராஜா, இரண்டு விண்ணப்பம். விதியை எழுதி முத்திரை இட்டருள வேண்டும். ‘இம்மண்டபத்தில் மறுப்பு என்பது மறுப்பு வாசல் வழியே பதிந்தால் மட்டுமே செல்லும். வாயால் சொன்னால் செல்லாது. இவ்விதி அனைவருக்கும் பொது.’ அடுத்து, குடிகளுக்குத் திறக்கும் முன் மகாராஜாவும் சேதிராயரும் இங்கே விருந்துண்ண வேண்டும்.”

விருந்து என்ற சொல் முடிவதற்குள் முத்திரை விழுந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் தலைவாழை இலை போட்டாயிற்று. பரிமாறுகிறவர் பஞ்சநதம், கை தாராளமானவர். ராஜா நாலு லட்டு சாப்பிட்டார். ஐந்தாவது வந்தபோது, “வேண்டாம்” என்றார். விழுந்தது. “வேண்டாமப்பா!” ஆறாவதும் விழுந்தது. பாயசம் வந்தது. ராஜா இரண்டு கைகளையும் இலைமேல் விரித்தார். பஞ்சநதம் கைகளின் மேலேயே ஊற்றினார்.

“உனக்குக் காது கேட்கவில்லையா?”

“நல்லாவே கேக்குது, மகாராஜா. ஆனா வாயால சொன்னாச் செல்லாதுன்னு முத்திரை போட்டு எழுதியிருக்கே. கொல்லைப்புறம் போய்ப் பதிஞ்சுட்டு வாங்க, உடனே நிறுத்திடறேன்” என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அடுத்த இலையில் சேதிராயர். பாகற்காய் என்றாலே அவருக்குக் குமட்டும். அவர் இலையில் அது கோபுரமாக உயர்ந்துகொண்டிருந்தது. “மகாராஜா, விதியைச் சற்றே தளர்த்தினால்...” என்று ஈனசுரத்தில் இழுத்தார்.

“நாம் இட்ட விதியை நாமே மீறுவதா? ஏழு கேள்விதானே! இதோ வந்துவிடுகிறோம்.”

ராஜா பாயசக் கையோடு கொல்லைப்புறம் போனார். விறகைத் தாண்டினார். குனிந்தார், கிரீடம் இடித்தது. கழற்றி இடுக்கிக்கொண்டு தவழ்ந்தார்.

முதல் கட்டில் எழுத்தர், “பேரு?” என்றார்.

“தெரியாதா?”

“தெரியும். இருந்தாலும் சொல்லணும்.”

இரண்டாவதில் தகப்பனார் பெயர். மூன்றாவதில், “நெசமாத்தான் வேண்டாமா?” நாலாவதில், “சமையக்காரர் மனசு உடைஞ்சிடுமே. அழுதாக்கூடப் பரவாயில்லையா?” ஐந்தாவதில், “இன்னிக்கு வேண்டாம்னா நாளைக்கு ஊத்தட்டுமா?” ஆறாவதில் எழுத்தரே இல்லை, வெற்றிலை போடப் போயிருப்பதாக ஓலை தொங்கியது. ராஜா ஒரு நாழிகை மண்டியிட்டுக் காத்திருந்தார்.

ஏழாவதில் இரண்டு கதவுகள், மேலே ஒரு பலகை. ‘வேண்டாம் என்பதை வேண்டாம் என்பவர் இடப்பக்கம். வேண்டாம் என்பதை வேண்டாம் என்னாதவர் வலப்பக்கம்.’ ராஜா மூன்று தரம் படித்தார். விரல் விட்டு எண்ணினார். பிறகு இடக்கதவைத் தள்ளினார்.

அங்கே தரை இல்லை, வழுவழுப்பான சறுக்குதான் இருந்தது. சர்ரென்று வழுக்கி, சம்மத வாசலின் தோரணத்துக்கு அடியில் வந்து விழுந்தார். மேளம் முழங்கியது. “மகாராஜா மனமுவந்து சம்மதித்தார்!” என்று ஒருவன் கூவினான். இன்னொருவன் அவர் கையில் நீர்மோரைக் கொடுத்தான். பஞ்சநதம் பாயச அண்டாவோடு புன்னகைத்தபடி காத்திருந்தார்.

ராஜாவின் முழங்காலெல்லாம் மண், மீசையில் விறகுத்தூள்.

“இதைக் கட்டியவன் யார்?”

“உலகுடையான்தான், மகாராஜா!” என்றார் சேதிராயர், வாய் நிறையப் பாகற்காயோடு.

“கட்டியது அடியேன்தான்” என்றார் உலகுடையான். “அளவு மந்திரியாருடையது. முத்திரை மகாராஜாவினுடையது. மகாராஜா தள்ள நினைத்தது ஒரு கரண்டிப் பாயசம். நாளை இங்கே தவழப்போகிறவனுக்குத் தள்ள முடியாமல் போனால் ஓர் ஆண்டுச் சோறு போய்விடும். அவனும் பலகையைப் படித்துக் குழம்பி, சம்மதத்துக்கான இடப்பக்கம்தான் போவான். அவனுக்கும் மேளம் அடிப்போம். மகாராஜாவிடம் ஒன்று கேட்கிறேன். தாங்கள் இப்போது மனமுவந்தா வந்தீர்கள்?”

ராஜா நீர்மோரைப் பார்த்தார். சறுக்கைப் பார்த்தார்.

“இல்லை” என்றார். “சரி, எப்படிக் கட்டியிருக்க வேண்டும்?”

“இரண்டு வாசலும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அகலத்தில். ஒரே கேள்வி, படித்தவுடன் புரிகிற மாதிரி. சும்மா இருந்தவரைச் சும்மா விட்டுவிட வேண்டும்.”

“எல்லாரும் ‘வேண்டாம்’ என்றுவிட்டால்?”

“‘வேண்டும்’ என்று ஒருவன் சொன்னாலும் அதை மகாராஜா நம்பலாம்.”

ராஜா, சுவரை இடித்து வாசலைத் திருத்தும் வேலையைச் சேதிராயரிடமே கொடுத்தார்; அவர் நாலு நாளில் முடித்தார். குடிகள் வந்தார்கள். முந்நூறு வீட்டார் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்கள். அறுபது வீட்டார், “நடவு முடியட்டும் சாமி, நாங்களே மண்வெட்டியோட வர்றோம்” என்றார்கள். ராஜாவின் கை பழக்கத்தில் தலைக்குப் போனது; பாதியில் இறங்கிவிட்டது. அந்த அறுபது பெயரையும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அன்றே உலகுடையானுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, அதே மண்டபத்தில் இலை போடச் சொன்னார். பஞ்சநதத்திடமிருந்து கரண்டியை வாங்கி, தாமே பாயசம் ஊற்றினார். மூன்றாவது கரண்டிக்கு உலகுடையான் இலைமேல் கையை விரித்து, “போதும், மகாராஜா” என்றார்.

ராஜாவின் கை அந்தரத்தில் நின்றது. கரண்டியைப் பார்த்தார், சேதிராயரைப் பார்த்தார், அடக்கமாட்டாமல் சிரித்தார். அவர் குலுங்கிய குலுக்கலில் பாயசமெல்லாம் அவருடைய பட்டு வேட்டியில் சிந்தியது. உலகுடையான் இலையில் ஒரு சொட்டு விழவில்லை.