லேப்டாப்புக்கு வந்த கடல் வரைபடம்

துறைமுக அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியசீலிக்கு, புனேயில் வேலை செய்யும் மகளை நேரில் பார்த்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. லீவு கேட்டுப் போனாள்.

மேனேஜர் தெய்வநாயகம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பக்கத்து ரூம் பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர்ல தெரியுற கடல் வரைபடம் என் விண்டோஸ் லேப்டாப்ல தெரியணும். அப்புறம் லீவைப் பேசலாம்."

முடியவே முடியாது என்று மற்றவர்கள் கைவிட்ட வேலை அது. கர்த்தர் அவளுக்குப் பொறுமையைக் கொஞ்சம் கூடவே கொடுத்திருந்தார். மதியத்துக்குள் லேப்டாப்பில் கடல் நீலமாய் விரிந்தது.

மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. "இவ்வளவு கெட்டிக்காரிக்கு லீவு எதுக்கும்மா? மகளைத்தான் தினமும் போன்ல பாக்குறியே!"

"சரி சார். வரைபடம்தான் இங்க வந்துட்டுதே, அந்தப் பழைய கம்ப்யூட்டரை அணைச்சிரவா?"

"தாராளமா அணை!"

அணைத்தாள். லேப்டாப்பில் கடல் காணாமல் போயிற்று.

"ஐயோ, எங்கம்மா போச்சு?"

"அது வேலை செஞ்சது அங்கதான் சார். இங்க வந்தது முகம் மட்டுந்தான். போன்ல எம் மகளும் அப்படித்தான் வாரா."

அவர் லீவுத் தாளை இழுத்தார். "எத்தனை நாள்?"

"அவ தலைக்கு எண்ணெய் வச்சு, சிக்கெடுத்து முடிக்கிற வரைக்கும் சார்."