ஏரிக்கரையில் அரசரின் கனவு

எந்தக் காலம், எந்த நாடு என்று கேட்காதீர்கள். முன்னொரு காலம், ஏதோ ஒரு நாடு, அவ்வளவுதான். அங்கே வீரகேது என்று ஓர் அரசர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் எதைச் செய்ய வேண்டுமென்றாலும், "பக்கத்து நாட்டில் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் செய்வார். அவருடைய அவையில் விகடம் பேசும் தாண்டவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே பாதித் தலை நரைத்துவிட்டது.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் அவைக்கு வந்தார். "எங்கள் மன்னருக்குத் தம் நாட்டைப் பற்றி ஒரு பெருங்கனவு உண்டு. தங்கள் கனவு யாதோ?" என்று கேட்டார். அப்படி ஒன்று அரசருக்கு இருந்ததேயில்லை. முகம் சிவந்துவிட்டது.

தூதர் விடுதிக்குப் போனதும் அரசர் கத்தினார். "நாளை மறுநாள் தூதர் புறப்படுகிறார். அதற்குள் எனக்கு ஒரு கனவு வேண்டும்!"

சேனாதிபதி ஆயிரம் யானை என்றார். அரசருக்குப் பிடித்திருந்தது. புலவர் நூறு காவியம் என்றார். அதுவும் பிடித்திருந்தது. பிரதானி சொக்கநாயகர், வானளாவிய கோபுரமும் அதன் உச்சியில் அரசருக்குப் பொற்சிலையும் என்றார். அது ரொம்பவே பிடித்திருந்தது. சாயங்காலத்துக்குள் அரசர் ஐந்து தடவை கனவை மாற்றிவிட்டார். எழுத்தர் ஓலையைக் கிழித்துக் கிழித்து அலுத்துப்போனார்.

தாண்டவனால் பொறுக்க முடியவில்லை. "அரசே! இது கனவா, கல்யாணப் பந்தியா? ஆளுக்கொன்று பரிமாற, நீங்கள் எல்லாவற்றையும் ருசி பார்த்துக்கொண்டே இருக்கிறீர்களே! உங்களுக்கென்று ஒன்று தோன்றவே தோன்றாதா?"

சொக்கநாயகர் தாண்டவனைத் தொலைத்துக்கட்ட இப்படி ஒரு நேரத்துக்காகவே பல வருடம் காத்திருந்தவர். எழுந்து கைகூப்பினார். "மன்னர் பெருமானே, தாண்டவனே அதைத் தருவிக்கட்டும். நாளைப் பொழுது சாய்வதற்குள் கனவு தங்கள் வாயிலிருந்தே வரவேண்டும். இன்ன கனவு காணுங்கள் என்று யாரும் தங்களிடம் சொல்லக் கூடாது. தவறினால் தாண்டவன் குடும்பத்தோடு எல்லை தாண்ட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

மறுநாள் காலை, தாண்டவன் எட்டுப் பேரோடு வந்து அரசரின் கட்டிலைத் தூக்கச் சொன்னான்.

"எங்கே கொண்டுபோகிறாய்?"

"கனவு வேண்டுமென்றால் படுக்கத்தானே வேண்டும், அரசே?"

"அதை இங்கேயே செய்யலாமே!"

"இருபது வருடமாக இங்கேதானே படுக்கிறீர்கள்? ஒன்றும் வரவில்லையே!"

அரசர் எழுந்துகொண்டார். மகுடத்தோடு யாரும் தூங்குவதில்லை என்பதால் அதையும் கழற்றச் சொன்னான். வெறும் வேட்டியும் துண்டுமாக அரசர் கிளம்பினார்.

ஊருக்கு வெளியே பெரிய ஏரியின் கரைமேல், தாண்டவன் காட்டிய இடத்தில் கட்டிலைப் போட்டார்கள். தாண்டவன் ஏதும் சொல்லிக் கொடுத்துவிடுவானோ என்று பயந்து எழுத்தரோடு கூடவே வந்திருந்த சொக்கநாயகர் அவனைப் புளியமரத்துக்குப் பின்னால் இழுத்து உட்காரவைத்துப் பக்கத்திலேயே இருந்தார்.

அரசர் ஏரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்துக் கண்ணை மூடினார். வெயில் சுட்டது. ஈ மொய்த்தது. புரண்டு படுத்தபோது தலைக்குமேல் ஒரு குரல் கேட்டது.

"யாருய்யா அது? நடக்கற வழியில கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கே?"

தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக ஒரு பெண் நின்றாள். அரியநாச்சி என்று பெயர். பக்கத்து ஊர்க்காரி. அரசரை முன்பின் பார்த்ததில்லை.

"கனவு காண வந்திருக்கிறேன், அம்மா."

"பட்டப்பகல்லயா? கொடுத்துவச்ச ஆளுதான். கட்டிலை நகர்த்துய்யா, விடியறப்போ ஆத்து ஊத்துக்குப் போனவ, இப்பத்தான் திரும்பறேன்."

"பக்கத்தில் ஏரி இருக்க, ஆற்றுக்கா போகிறாய்?"

"எந்த ஏரி? திரும்பிப் பாரு."

அரசர் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெடித்த மண். கரையில் ஓரிடத்தில் இரண்டு தேர் சேர்ந்து போகுமளவுக்கு உடைப்பு.

"உடைஞ்சு மூணு வருஷமாச்சு. அஞ்சு தடவை மனுக் கொடுத்தோம். பக்கத்து நாட்டுல எப்படிக் கட்டறாங்கன்னு விசாரிச்சுச் சொல்றேன்னாராம் ராசா. இன்னும் விசாரிச்சுக்கிட்டே இருக்காரு!"

அரசரின் முகத்தைப் பார்த்து வெயில் தாங்கவில்லை போலும் என்று நினைத்தாள் அவள். இடுப்புக் குடத்தைச் சாய்த்து இரண்டு கை தண்ணீர் ஊற்றினாள். குடித்தார். அதற்காக அவள் எவ்வளவு தூரம் நடந்தாள் என்று நினைத்தார்.

எழுந்து விறுவிறுவென்று உடைப்பை நோக்கி நடந்தார். குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தார். பிறகு யாரிடமென்று இல்லாமல் கத்தினார்: "மண் நிற்காது, கல் வேண்டும்! அடுத்த மழைக்குள் இதை அடைக்க வேண்டும். இது ஒன்று போதாது, நாட்டில் உள்ள ஏரி அத்தனையும் நிரம்ப வேண்டும். என் காலத்திலேயே ஒருத்தியும் குடத்தோடு ஆற்றுக்கு நடக்கக் கூடாது!"

புளியமரத்தடியிலிருந்து தாண்டவன் துள்ளி எழுந்தான். "வந்துவிட்டது! எழுதுங்கள் ஓலையில்!"

சொக்கநாயகர் ஓடிவந்தார். "செல்லாது! மன்னர் தூங்கவேயில்லை. மேலும் இந்தப் பெண்தான் சொல்லிக் கொடுத்தாள்!"

"தூங்க வேண்டுமென்று நீங்கள் நிபந்தனை போடவில்லையே, பிரதானியாரே" என்றான் தாண்டவன். "இவள் அரசரைச் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், கட்டிலை நகர்த்தச் சொன்னாள். அதை மட்டும்தான் அவர் இன்னும் செய்யவில்லை!"

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். அரியநாச்சிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பதறிப்போனவளைக் கையமர்த்திவிட்டு, கட்டிலைத் தாமே ஒரு முனை பிடித்து நகர்த்தி வழிவிட்டார்.

மறுநாள் அந்தக் கனவைத் தூதரிடம் சொன்னபோது அரசரின் குரல் தடுமாறவில்லை. கரை அடைத்து முடிக்கும் வரை தினமும் வெயிலில் நின்று மேற்பார்வை பார்க்கும் பொறுப்பு சொக்கநாயகருக்குக் கிடைத்தது. தாண்டவனுக்கு நாலு காணி நன்செய் பரிசு.

தாண்டவன் சாசனத்தைப் படித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "அரசே, இது அந்த ஏரியின் கடைமடை நிலமாயிற்றே! ஏரி முழுசாக நிரம்பினால்தானே இங்கே ஒரு சொட்டு வரும்? நீங்கள் பாதியில் கனவை மாற்றிக்கொண்டால் என் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களே!"

"தெரிந்துதான் கொடுத்தேன்" என்றார் அரசர். "இனி நான் மறந்தாலும் நீ என்னைத் தூங்கவிட மாட்டாய்."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், தாண்டவனும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டான்.