ஆறு விழக்கூடாத பள்ளம்

பலகை நட்டவனே, இது எல்லாம் நீ செய்த வேலை. ‘பள்ளத்தில் எதையும் விழவிடாதே. மீறினால் ஊரோடு ஜெயில்’ என்று எழுதி நட்டுவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டாய். உச்சிக்காட்டுக்காரர்கள் எழுதியதை எழுதியபடியே செய்கிறவர்கள் என்று உனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையா?

எங்கள் மலைக்கு உச்சி தட்டை. கருவாலி, நெடுவாலி என்று இரண்டு ஆறுகள் அதன்மேல் சோம்பலாக வளைந்து வந்து, உச்சிக்காட்டில் ஒன்று சேர்ந்து, மலையோரத்தில் பாதாளப் பள்ளத்துக்குள் தொபுக்கடீரென்று குதிக்கும். இத்தனை காலம் யாரும் குறை சொன்னதில்லை.

நான் நாலு நாள் தொண்டை வறளப் பேரம் பேசி வாங்கிய எழுபது மூட்டை உருளைக்கிழங்கு கரையில் லாரிக்காகக் காத்திருந்தது. ஒரு டீ குடிக்கப் போனேன். அவ்வளவுதான்.

ஊர்த்தலைவர் ஒண்டிமுத்து பலகையை மூன்று தரம் படித்தார். அருவியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ஏப்பா சடையா, நம்ம ஆறு எங்கப்பா விழுது?”

“பள்ளத்துலதானுங்க.”

“எத்தனை நாளா?”

“எங்க தாத்தன் காலத்துல இருந்தேங்க.”

“போச்சு! அத்தனை வருசத்துக்கும் சேத்து உள்ள வெச்சுருவானே!”

ஊர் கூடியது. ஆற்றிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்றாள் நாகம்மா. சொன்னார்கள். ஆறு மதிக்கவில்லை. சரி, அடைத்துவிடலாம் என்றான் சடையன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என் கிழங்கு.

நான் திரும்பி வந்தபோது எழுபது மூட்டையும் ஆற்றுக்குக் குறுக்கே, இடுக்கில்லாமல்.

“எடுங்கடா என் மூட்டையை!”

“எடுத்தா ஆறு விழுந்துருமுங்ணா.”

“அம்பது மூட்டையாவது கொடு.”

“ஆகாதுங்க.”

“சரி, ஒண்ணே ஒண்ணு!”

“ஒண்ணு எடுத்தா ஒரு மூட்டை அகலத்துக்கு ஆறு விழுமே. அதுக்கு நீங்க ஜெயிலுக்குப் போறீங்களா?”

வாழ்நாளில் முதல்முறையாகப் பேரத்தில் தோற்றேன்.

தண்ணீர் ஊருக்குள் இடுப்பளவு ஏறியது. அடுத்த கூட்டம் கூரைமேல் நடந்தது. “விழத்தானே கூடாது? தூக்கிட்டுப் போயி இறக்கி வெச்சா?” என்றாள் நாகம்மா. கைதட்டு ஓயக் கால்மணி ஆயிற்று. மேதைகள்!

இப்போது நாற்பது பேர் ஆற்றைக் குடத்தில் மொண்டு, ஒற்றையடிப் பாதையில் ஒன்றரை மணி நேரம் இறங்கி, பள்ளத்தின் அடியில் சத்தம் வராமல் ஊற்றிவிட்டு ஏறுகிறார்கள். நேற்று ஒருவன் இடறி அரைக்குடம் சிந்திவிட்டான். சிந்தியது பள்ளத்திலா பாதையிலா என்று ராகுகாலம் முடியும்வரை விசாரணை. பாதையில்தான் என்று தெரிந்ததும் மாலை போட்டு விட்டார்கள். என் கிழங்கு மூட்டைக்குள்ளேயே முளைவிட்டுவிட்டது.

இன்று மேற்கே மேகம் கறுத்திருக்கிறது. மழையும் அதே பள்ளத்தில்தான் விழும் என்று சடையன் கண்டுபிடித்துவிட்டான். பள்ளத்துக்கு மூடி தைக்க வேண்டுமாம். கிழங்கை ஆற்றுக்குக் குறுக்கே அப்படியே குவித்துவிட்டுச் சாக்கை மட்டும் கொடு என்று கோணி ஊசியோடு என்னைச் சுற்றி நிற்கிறார்கள்.

பலகை நட்டவனே, உடனே வா. வந்து ‘ஆறும் மழையும் நீங்கலாக’ என்று உன் கையாலேயே எழுதிவிட்டு, என் மூட்டையை மீட்டுக் கொடு. சீக்கிரம் வா. வெயிலும் பள்ளத்தில் விழுகிறது என்பதை இவர்கள் இன்னும் கவனிக்கவில்லை.